கஞ்சி போகாத திரி

மருந்துக் கடையில் வாங்கிய பேண்டேஜ் துணிச் சுருள் ஒன்று, பாதி தீர்ந்த நிலையில், எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. என் மனைவியின் கடைசி வாரங்களில் அவளுடைய உதடுகளை நனைத்துவிட அதிலிருந்துதான் சிறு சிறு துண்டுகளாகக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிய பிறகு, மகள் அலமாரியை ஒழித்துக் கொடுத்தாள். மருந்துப் பட்டைகளையும் ஊசி உறைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டே வந்தவள் இந்தச் சுருளைக் கையில் எடுத்து, "இதயும் போட்டுரவாப்பா?" என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன். அவளும் வைத்துவிட்டாள்.

சென்ற வாரம் காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுவிட்டது. காய் நறுக்குவதில் எனக்கு அனுபவம் போதாது. அறுபது வயதுவரை அந்தக் கத்தி எந்தப் பக்கம் கூர் என்றே நான் பார்த்ததில்லை. சுருளில் ஒரு துண்டு கத்தரித்தேன். கை நழுவி அது வாளித் தண்ணீரில் விழுந்தது. விழுந்த கணமே நனைந்து, நிறம் மாறி, அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. பேண்டேஜ் துணி அப்படித்தான் செய்யும்; நீரை உறிஞ்சத்தானே அதைச் செய்கிறார்கள். ஆனாலும் விரலில் ரத்தம் சொட்டச் சொட்ட அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூழ்க மறுத்த ஒரு துணித் துண்டை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. எழுதப்பட வேண்டிய காலத்தில் எழுதப்படாத ஒரு திருத்தம் என்றும் இதைக் கொள்ளலாம்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தோம். எனக்கு ராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் விரிவுரையாளர் வேலை. அவள் ஊரிலேயே மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. மகளுக்கு அப்போது ஒரு வயது நிறையவில்லை. தினமும் காலையில் டவுன் பஸ்ஸில் ராஜபாளையம் போவேன். இரு ஊருக்கும் நடுவே சாலையில் அந்தக் காலத்தில் புளியமரங்கள் இருந்தன. எல்லா இடத்திலும் இல்லை; சில பர்லாங்குகள் அடர்ந்து நிற்கும், பிறகு வெட்டவெளி, பிறகு மறுபடி மரங்கள். சன்னலோர இருக்கை கிடைத்த நாட்களில், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் பஸ் எந்த இடத்தில் போகிறது என்று கன்னம் சொல்லிவிடும். மரங்களுக்குள் பஸ் நுழைந்ததும் காற்றின் சூடு சட்டென்று இறங்கும். வெளியே வந்ததும் ஏறும். நிழல்தானே காரணம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கல்லூரி மாடியின் தகரக் கூரை கொடுப்பதும் நிழல்தான்; அதன் கீழே உட்கார்ந்து பாருங்கள்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது இதை அவளிடம் சொன்னேன். அந்த வாரம் வகுப்பில் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி நடத்திக்கொண்டிருந்தேன். வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாகச் செல்லும். அப்படி இறங்கும்தோறும் அதைக் கொண்டு ஒரு வேலையைச் செய்விக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். இந்தக் குறைவை அளக்கும் கணக்குக்கு என்ட்ரோபி என்று பெயர். பாடப்புத்தகம் அதை 'ஒழுங்கின்மை' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடும். உடனே ஆண்டுதோறும் ஒரு மாணவன் எழுந்து, எல்லாம் கலைவதுதான் விதி என்றால் விதையிலிருந்து மரம் எப்படி வருகிறது என்று கேட்பான். மரம் தனித்து நிற்கவில்லை, மேலே சூரியன் இருக்கிறது, சுற்றிலும் குளிர்ந்த வானம் இருக்கிறது, இரண்டுக்கும் இடையில் பாயும் ஆற்றலில்தான் அது வாழ்கிறது என்று நானும் ஆண்டுதோறும் பதில் சொல்வேன். அதே பதிலை அன்றும் சொன்னேன். பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"அப்போ மரம் ஒங்க விதிய எதுத்து நிக்கல. அது சொல்லுத வேலையத்தான் பாக்குது. அப்பிடித்தான?"

"அப்படித்தான்."

"வெறுந்தரையும் அதே வெயில வாங்கி அதே வேலையத்தான் பாக்குது. ரெண்டுல எது நல்லாப் பாக்குதுன்னு அளந்து பாத்தா என்ன?"

கேள்வி அவளுடையது. இதை இந்த இடத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் பல இடங்களில் நான் அப்படிச் சொல்லவில்லை.

அந்தக் கேள்வியை எனக்கு முழுதாக விளங்கவைத்தது எங்கள் தெருமுனைப் பால்கோவாக் கடை. முந்திரித்தோல் எரியும் காரமான புகையும் பால் சுண்டும் வாசனையும் சாயங்காலம் எங்கள் வீட்டு நடைவரை வரும். அடுப்பு எவ்வளவு எரிந்தாலும், சட்டியில் நீர் இருக்கும்வரை பாலின் சூடு ஓர் அளவுக்கு மேல் போகாது. வருகிற சூட்டையெல்லாம் ஆவி எடுத்துக்கொண்டு போய்விடும். நீர் வற்றியதும் அடிபிடிக்கும். நிலமும் ஒரு சட்டிதான். ஈரம் உள்ள மண்ணில், அடுக்கடுக்காக மரமும் செடியும் கொடியும் நிற்கும் இடத்தில், வெயில் நீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. கூர்மையாக வந்த ஆற்றல் மழுங்கி, மிதமான சூடாக வெளியே போகிறது. வெறுந்தரையில் அந்த வழி இல்லை. தரை காய்ந்து கொதிக்கிறது. முதிர்ந்த தோப்பு அதே வெயிலை இன்னும் முழுமையாகத் தேய்த்து அனுப்புகிறது, இரண்டாம் விதியை இன்னும் சிறப்பாக நிறைவேற்றுகிறது. இதுதான் எங்கள் கருதுகோள். ஒரு வட்டாரத்தின் பருவநிலையில் இதற்குப் பங்கு உண்டா என்பதுவரை கொண்டுபோகலாம் என்று திட்டம். அவள் பகுதிநேர ஆய்வுப் பட்டத்துக்கு இந்தப் பொருளிலேயே பதிவு செய்துகொண்டாள்.

அளப்பதற்குக் கருவி வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் இருந்த ஈரமானி தூதரகப் பரிசுப்பொருளைப் போலக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வெளியே எடுக்க முதல்வரின் கையெழுத்து வேண்டும். ஆனால் ராஜபாளையத்தில் பஞ்சாலை இருந்தது. பஞ்சாலை இருந்தால் ஈரமானி இருக்கும். காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறும். அதனால் நூற்புக் கூடத்துக்கு ஈரக்காற்று அனுப்பத் தனியாக ஒரு பிளான்ட் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டவர் மைதீன். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். டவுன் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை. ஈரமானி என்பது பெரிய கருவியில்லை. ஒரு பலகையில் இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழ் வெறுமனே இருக்கும். மற்றொன்றின் குமிழில் துணித் திரி சுற்றி, திரியின் மறுமுனை தண்ணீர்க் குப்பியில் தொங்கும். திரி காயக் காய அந்தக் குமிழ் குளிரும். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துக் காற்றின் ஈரத்தைச் சொல்லிவிடலாம்.

"நூலு அறுந்தா என்னயத் தேடுவாக சார். மழை பேஞ்சா ஒருத்தரும் தேட மாட்டாக" என்பார் மைதீன். எங்கள் திட்டத்தைச் சொன்னதும் சிரித்தார். "எங்க பிளான்ட்டுல மோட்டார் ஓடுது, பம்பு ஓடுது, அம்புட்டும் இந்தத் தண்ணியக் காத்துல ஏத்தத்தான். ஒங்க மரம் அதச் சும்மா நின்னுக்கிட்டே செய்யுது. ஷிப்டு அலவன்சும் கெடையாது, போனசும் கெடையாது. யூனியன்ல மட்டும் சேத்துவிட்டுறாதீங்க."

ஆலையில் கழித்துக்கட்டிய இரண்டு ஈரமானிகளை மேலாளரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தார். திரி இல்லை. அதற்கும் அவரே வழி சொன்னார். சத்திரப்பட்டியில் அவருடைய மச்சான் தறி போட்டிருந்தார். பேண்டேஜ் துணி நெய்கிற ஊர் அது. தறியிலிருந்து இறங்கிய சுருள் ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெளுக்காத துணி, காடா என்பார்கள். பழுப்பு நிறமும் புளித்த கஞ்சி வாசனையுமாக இருந்தது.

"ஒரு கொதி காட்டிட்டுப் பொறவு வெட்டுங்க" என்றார் மைதீன், காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு.

தூசி போவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டு பட்டங்கள் பெற்றவனுக்குத் துணி துவைக்கக் கற்றுக்கொடுக்கிறாரே என்றும் நினைத்திருக்கலாம். இப்போது நினைவில்லை என்று சொல்வது எனக்கு வசதி. கைபடாத புதுத் துணிதான் சுத்தமானது என்பது என் முடிவு. துவைத்தால் சோப்பு படும், உப்புத் தண்ணீர் படும், அளவீடு கெடும். பிளேடால் திரிகள் வெட்டினேன். இடுக்கியால் எடுத்துப் பாலிதீன் உறையில் போட்டு மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டினேன். அவள் சுருளில் பெரும்பகுதியை வெட்டியெடுத்துப் பிள்ளைக்குத் துணியாக்கினாள். பிள்ளைத் துணி ஆகையால் பெரிய அண்டாவில் போட்டுக் கொதிக்கவிட்டாள். தன் ஈரமானிக்குத் திரி வேண்டியபோது கொடியில் காய்ந்துகொண்டிருந்ததில் ஒன்றை எடுத்துக் கத்தரித்துக்கொண்டாள்.

"பிள்ளைத் துணியில் திரியா? இது ஆராய்ச்சி" என்றேன்.

"பிள்ள குடுக்காத தண்ணியையா வானம் குடுக்கப்போவுது?" என்றாள்.

நானும் சிரித்தேன். இந்த மாதிரிச் சிரித்து விட்டுவிட்டவை என் வாழ்க்கையில் நிறைய.

இடங்கள் இரண்டு. மம்சாபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஒரு பழைய தோப்பு. மேலே மா, நாவல், ஓடையோரம் மருது, கீழே பெயர் தெரிந்ததும் தெரியாததுமாகப் புதர்கள். அண்ணன் தம்பி வழக்கில் மாட்டிக்கொண்டதால் பல ஆண்டுகளாக உழவோ கவாத்தோ காணாமல் தன்போக்கில் முதிர்ந்திருந்தது. நீதிமன்றம் காப்பாற்றிய காடு என்பாள் அவள். மற்றொன்று வன்னியம்பட்டிப் பக்கம், பருத்திச் செடியின் காய்ந்த மாரைப் பிடுங்கிய பிறகு கோடை முழுவதும் வெறுமனே கிடக்கும் கரிசல் துண்டு. தோப்புக்குப் பஸ் நிறுத்தத்திலிருந்து சைக்கிளில் போக வேண்டும். அவளுக்குச் சைக்கிள் தெரியாது. கரிசல் துண்டு சாலையோரம் இருந்தது. ஆகவே நிழல் எனக்கும் வெயில் அவளுக்கும் என்று ஆயிற்று. அப்போது அது வெறும் போக்குவரத்து ஏற்பாடாகத்தான் தோன்றியது.

இரண்டு கோடைகள். சித்திரை, வைகாசியில், பள்ளியும் கல்லூரியும் மூடிய பிறகு, காலை, உச்சி, மாலை என மூன்று வேளை அளவெடுப்போம். பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். நான் மருத மரத்தடியில் துண்டை விரித்து, குறிப்பேட்டைத் தலைமாட்டில் வைத்து, மணி ஒன்றாகும்வரை படுத்திருப்பேன். அவள் குடையோடு, மூடிக்கிடந்த ஒரு மோட்டார் அறையின் சுவரோரம், நிழல் நகர நகரத் தானும் நகர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் வீடு திரும்பி இரண்டு குறிப்பேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தோப்பின் எண்கள் அபாரமாக இருந்தன. உலர்ந்த குமிழ் அவளுடையதைவிட நன்றாகக் குறைந்திருந்தது. ஈரக் குமிழோ அதை ஒட்டி நின்றது. அதாவது தோப்புக் காற்றில் அவ்வளவு ஈரம். மரங்கள் அத்தனை நீரை ஏற்றிக்கொண்டிருந்தன. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். எதிர்பார்த்த எண் வரும்போது கருவியைச் சந்தேகிக்க நமக்குத் தோன்றுவதில்லை.

"வாரம் ஒருக்கா கருவிய மாத்தி வச்சுப் பாப்பமா?" என்று முதல் கோடையிலேயே கேட்டாள். தொடர்ச்சி கெட்டுவிடும் என்றேன்.

கருதுகோள், எண்கள், படங்கள் எல்லாம் சேர்த்து ஒரு கட்டுரை எழுதினேன். மதுரையில் ஒரு கருத்தரங்கு ஏற்றுக்கொண்டது. முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள். என் பெயர் முதலில். கருத்தரங்குக்குப் பத்து நாட்கள் இருக்கும்போது, இரண்டாம் கோடையின் அளவெடுப்பு இன்னும் முடியாத நிலையில், எனக்குக் காய்ச்சல் வந்தது. அளவெடுப்பு விட்டுப்போகக் கூடாதென்று அவளே இரண்டு இடத்தையும் பார்த்தாள். கரிசலை முடித்துக்கொண்டு, பஸ் பிடித்து, நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து தோப்புக்குப் போய்த் திரும்பினாள்.

அன்று திரும்பி வந்ததும் கைப்பையை என் கட்டிலோரம் வைத்தாள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கஞ்சி கொடுத்தாள். பிறகு இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் எடுத்துக்கொண்டுவந்து கட்டிலருகே ஸ்டூலில் வைத்தாள். கைப்பையிலிருந்து ஒரு திரியை எடுத்து ஒன்றில் போட்டாள். அது கீழே போயிற்று. இன்னொரு திரியை எடுத்து மற்றதில் போட்டாள். அது மிதந்தது. மேல்பரப்பில் ஒரு பழுப்புக் கோடாக, விறைப்பாக, நனையாமல் கிடந்தது. விரலால் அமுக்கிவிட்டாள். மறுபடி மேலே வந்தது.

"ஒங்க திரி" என்றாள். "குப்பி நெறையத் தண்ணி இருக்கு. குமிழுகிட்டத் தொட்டுப் பாத்தா மொறுமொறுன்னு இருக்கு. கஞ்சி போகல. மைதீன் பாய் கொதி காட்டச் சொன்னாகல்ல?"

காய்ச்சலில் எனக்குச் சற்று நேரம் பிடித்தது. நெய்வதற்கு முன் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியும் பஞ்சின் மெழுகும் போகாத துணி நீரை உறிஞ்சாது. காலையில் நான் கையால் நனைத்துவிட்டது காய்ந்ததும் ஈரக் குமிழ் பாதி உலர்ந்த குமிழாகிவிடும். இரண்டு எண்களும் ஒட்டி நிற்கும். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதாகக் காட்டும். இரண்டு கோடைகளாக நான் மரங்களின் பெருமை என்று எழுதிவைத்ததில் ஒரு பங்கு சத்திரப்பட்டிக் கஞ்சி. அவளுடைய எண்கள் சரியானவை. பிள்ளைக்காக வெந்த துணி அவளைக் காப்பாற்றியிருந்தது.

"ஒரு திருத்தக் காரணி போட்டுவிடலாம்" என்றேன்.

"எம்புட்டுன்னு போடுவீங்க? எந்த நாளு எவ்வளவு நனஞ்சிருந்ததுன்னு யாருக்குத் தெரியும்?"

"உலர்ந்த குமிழில் தவறில்லை. பாதி முடிவு நிற்கிறது."

"நிக்கட்டும். மீதிய அடுத்த கோடையில அளந்து எழுதுவோம். இப்ப வேண்டாம்னு எழுதிப் போட்டுருங்க."

"கருத்தரங்கு நிரலில் என் பெயர் அச்சாகிவிட்டது. இப்போது வாசித்துவிடுவோம். பிறகு திருத்தம் வெளியிடலாம்."

அவள் தம்ளர்களை எடுத்துக்கொண்டாள். சமையலறைக் கதவருகே நின்று, திரும்பாமல் சொன்னாள்: "அப்போ எம் பேர மட்டும் எடுத்துருங்க."

கோபம் இல்லாத குரல். கோபம் இருந்திருந்தால் நான் வாதாடியிருப்பேன். முதல் பக்கத்தை மட்டும் மறுபடி தட்டச்சு செய்தேன்.

மதுரையில் கட்டுரை நன்றாகப் போயிற்று. கைதட்டினார்கள். ஒரு பெரியவர் மட்டும் எழுந்து, திரிக்கு என்ன துணி பயன்படுத்தினீர்கள் என்று கேட்டார். மஸ்லின் என்றேன். கஞ்சியில்லாத அந்த மெல்லிய துணிதான் திரிக்கு என்று பாடப்புத்தகங்களில் இருக்கும். அவர் தலையசைத்து உட்கார்ந்துவிட்டார். ஒரே ஒரு சொல். அதைச் சொல்லும்போது என் குரலில் எந்த மாற்றமும் இல்லை என்பது இப்போதும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அன்று நான் வீடு வந்து சேரும்போது சாப்பாடு எடுத்துவைத்திருந்தாள்.

"கேள்வி எதுவும் கேட்டாங்களா?"

"திரி என்ன துணி என்று ஒருவர் கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"மஸ்லின் என்றேன்."

ரசத்தைக் கரண்டியால் ஒருமுறை கலக்கினாள். "சாப்பிடுங்க. ஆறிப்போச்சு."

அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. வேறு எல்லாவற்றையும் பேசினோம். நல்ல தம்பதி என்றுதான் எங்களை எல்லோரும் சொல்வார்கள், அதில் பொய்யும் இல்லை. திருத்தம் எதையும் நான் வெளியிடவில்லை. அடுத்த கோடையில், ஆணியில் மாட்டியிருக்கும் குடை காலையில் காணாமல் போய்ச் சாயங்காலம் திரும்பிவருவதைக் கவனித்தேன். அதற்கடுத்த கோடையிலும். எங்கே போய்வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. ஒருமுறை பஸ்ஸில் மைதீன் சொன்னார்: "டீச்சர நேத்து மம்சாபுரம் வெலக்கு ரோட்டுல பாத்தேன் சார். வேனாவெயில்ல நடந்து போறாக. மொபெட்டுல ஏறிக்கிடுங்கன்னேன், கேட்டாத்தான? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க." சொல்கிறேன் என்றேன். அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவில்லை. அவளுடைய எண்கள் வெளியே வந்தால் என்னுடையவை பொய்யாகும். பதிவுக் காலம் முடிந்தது. நேரம் இல்லை என்று கேட்டவர்களிடம் சொன்னாள். ஆசிரியை, பிள்ளைக்காரி, எல்லோரும் நம்பினார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணன் தம்பி வழக்கு சமரசமாகிவிட்டது. பாகம் பிரித்ததும் ஆளுக்கொரு பக்கமாகத் தோப்பை விற்றார்கள். ஒரு வாரம், கல்லூரி விட்டுத் திரும்பும்போது, எதிரே அடிமரம் ஏற்றிய லாரிகளைப் பார்த்தேன். வெட்டுவாயில் பால் காயாத மாமரங்கள். பஸ் முழுக்க அந்தப் பிசின் வாசனை வந்தது. வீட்டில் போய்ச் சொன்னேன். "தெரியும்" என்றாள். அடுத்த நாளும் குடை ஆணியில் இல்லை. மரமே இல்லாத இடத்துக்கு எதற்குப் போகிறாள் என்று நினைத்தேனே தவிர, அதையும் கேட்கவில்லை.

இன்று தோப்பு இருந்த இடத்தில் தென்னங்கன்று வைத்துப் பிழைக்காமல், பிறகு மனைக்கல் நட்டிருக்கிறார்கள். சாலையை அகலமாக்கியபோது புளியமரங்கள் போயின. பஸ்ஸில் கண்ணை மூடினால் இப்போது எந்த இடம் என்று கன்னத்துக்குத் தெரிவதில்லை. மைதீன் ஓய்வுபெறும் முன்பே அவருடைய பிளான்ட்டுக்குத் தானாக ஓடும் கருவி வந்துவிட்டது. ஈரத்தையும் வறட்சியையும் சிவப்பு எண்களில் அதுவே காட்டும். "திரியும் இல்ல, குப்பியும் இல்ல. நம்மளுந்தான்" என்றார் ஒருமுறை. அவரும் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன.

அவள் போன பிறகு, ஓய்வூதியத் தாள்களைத் தேடும்போது அவளுடைய பெட்டியின் அடியில் பழுப்பு அட்டை போட்ட குறிப்பேடு ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்தில் அவள் கையெழுத்தில் மூன்று வரிகள்: இரண்டு திரியும் ஒரே துணி. இரண்டும் அரைமணி நேரம் கொதிக்கவைத்தவை. வாரம் ஒருமுறை கருவிகள் இடம் மாற்றப்பட்டன. அதன் பிறகு பக்கம் பக்கமாகத் தோப்பும் கரிசலும், மூன்று வேளையும், பல கோடைகள். இரண்டு இடத்துக்கும் ஒருத்தியே போய்வந்திருக்கிறாள். நேர வேறுபாட்டுக்குத் தனியாகக் கணக்கும் போட்டிருக்கிறாள். நான் மூன்று நாள் உட்கார்ந்து சரிபார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை.

ஆகவே அந்தத் திருத்தம் இதோ. நான் மதுரையில் வாசித்த கட்டுரையில் தோப்புக் காற்றின் ஈரமாகச் சொன்ன மிகுதியில் ஏறக்குறைய பாதி, திரித் துணியின் கஞ்சியால் வந்த பிழை. அந்தத் துணி மஸ்லின் இல்லை. மீதிப் பாதி உண்மை. தோப்பு வெறுந்தரையைவிடக் குளிர்ந்தும் ஈரமாகவும்தான் இருந்தது. கருதுகோள் நின்றது. ஒரு கோடை பொறுத்திருந்தால் போதும். கேள்வியைக் கேட்டவரும் சரியாக அளந்தவரும் ஒருவரே. அவர் பெயர் வசந்தா.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்கள் தோப்பு வெட்டப்பட்ட பிறகு எழுதியவை. ஏதோ ஓர் அடிக்கட்டையில் குச்சி நட்டு ஈரமானியைத் தொங்கவிட்டிருக்க வேண்டும். முதல் சில நாட்கள் மண்ணில் ஈரம் மிஞ்சியிருந்திருக்கிறது; இரண்டு பத்திகளுக்கும் இடையே சிறு வித்தியாசம் தெரிகிறது. நாள் போகப் போக அது குறைகிறது. கடைசி நாளின் உச்சிவேளையில், தோப்பு என்று தலைப்பிட்ட பத்தியிலும் கரிசல் என்று தலைப்பிட்ட பத்தியிலும் ஒரே எண்கள். அதன் கீழே அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்திருக்கிறாள். குறிப்புக்கென்று விட்ட இடத்தில், அதற்கு முந்தைய எல்லா வரிகளிலும் போலவே, இரண்டு சொற்கள்: திரி ஈரம்.